தண்ணீர் எங்கே போகிறது?

“கார் அருமையாக ஓடும். வாரத்துக்கு ஒருமுறை ரேடியேட்டரில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.”

பழைய கார் விற்பவர் இப்படிச் சொன்னால், வாங்கப் போனவர் பணத்தைத் திரும்பவும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகிறது? காரின் குளிர்ச்சித் தண்ணீர் மூடிய வழியில் சுற்றிச் சுற்றி வருவது. பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. சரியாக இருக்கும் காரில் மாதக்கணக்கில் அளவு குறையவே கூடாது. குறைகிறதென்றால் வெளியே ஒழுகுகிறது, அல்லது எஞ்சினுக்குள்ளேயே போகிறது. வெளியே ஒழுகினால் செலவு சின்னது. உள்ளே போனால், சீட்டு எடுத்துச் சேர்த்த பணம் அந்தக் காரோடு போயிற்று.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் வாகனம் சைக்கிள், அதன்பின் ஹோண்டா கப்சாய். அந்த மோட்டார் சைக்கிளுக்குத் தண்ணீரே கிடையாது. எஞ்சினைச் சுற்றி மடிப்பு மடிப்பாக இருக்கும் தகடுகளில் காற்றுப் பட்டே அது குளிர்ந்துவிடும். எண்ணெய் ஊற்றினோம், உதைத்தோம், ஓட்டினோம் என்று அதிலேயே வளர்ந்த கைக்கு, கார் வந்த பிறகும் தண்ணீரைப் பார்க்கும் பழக்கம் லேசில் வருவதில்லை. பால்மரமும் செம்பனையும் விட்டு, நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கமிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் வாங்குவது பெரும்பாலும் பத்துப் பதினைந்து வயதான கார்தான். அந்தக் கார் நின்றால் ஷிப்டுக்குப் போக முடியாது.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும்போது அந்தச் சுடரின் சூடு 2000 பாகைக்கும் மேல். பெட்ரோல் தரும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் பயன்படுகிறது. ஒரு பங்கு புகையோடு போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமந்துகொண்டு வெளியே கொண்டுபோக வேண்டும். வாட்டர் பம்ப் தண்ணீரைத் தள்ளுகிறது. அது எஞ்சினுக்குள் சுற்றிச் சூடேறி, மேல் ரப்பர் குழாய் வழியாக ரேடியேட்டருக்கு வந்து, மெல்லிய குழல்களில் இறங்கும்போது காற்றில் ஆறி, கீழ்க் குழாய் வழியாகத் திரும்புகிறது. நடுவில் காவல்காரனாக நிற்பது தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அது மூடி வைக்கும். 82 அல்லது 88 பாகை வந்ததும் திறக்கத் தொடங்கும்.

மூடியைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை. வீட்டுப் பிரஷர் குக்கரின் விசில் குண்டு எதுவோ அதுதான் இது. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் 100 பாகையில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 பாகை வரைக்கும் கொதிக்காமல் தாங்குகிறது. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்துவிட்டால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் முன்னதாகவே கொதித்து வழியும். சில வெள்ளிக்குக் கிடைக்கும் மூடி ஒன்றை மாற்றாமல் ரேடியேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

“நம் ஊரில் பனியா பெய்கிறது, கூலண்ட் எதற்கு? குழாய்த் தண்ணீர் போதாதா?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தண்ணீர் உறைந்து எஞ்சினை உடைக்காமலிருக்க என்றே குளிர் நாடுகளில் இது வந்தது. பினாங்கில் உறைவதற்கு வழியே இல்லை. ஆனால் கூலண்டுக்கு வேறு வேலைகளும் இருக்கின்றன. பழைய சாகா, ஈஸ்வரா, வீரா கார்களின் எஞ்சினில் அடிப்பகுதி இரும்பு, மேல் தலை அலுமினியம். ரேடியேட்டர் இன்னொரு உலோகம். இவற்றுக்கிடையே வெறும் தண்ணீர் வருடக்கணக்கில் நின்றால் இரும்பு துருப்பிடிக்கும், அலுமினியம் அரிக்கும். குழாய்த் தண்ணீரின் உப்பு, கெட்டிலின் அடியில் படிவதுபோல் உள்ளே படியும். துருவும் படிவும் போய் ரேடியேட்டரின் சன்னக் குழல்களை அடைக்கும். கூலண்டில் இருக்கும் மருந்து இதைத் தடுக்கிறது, கொதிநிலையையும் சற்று உயர்த்துகிறது. அடர் கூலண்ட் என்றால் சுத்திகரித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். அப்படியே ஊற்றினால் நல்லதென்று நினைக்காதீர்கள், சூட்டைச் சுமப்பதில் தண்ணீரே கெட்டிக்காரன். கலந்தே விற்பதும் உண்டு, அதில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் சில புட்டிகளில் சாயம் போட்ட தண்ணீர்தான் அதிகம். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தைப் பார்த்து வாங்காமல் என்ன கலந்திருக்கிறது என்று எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். இரண்டு வகையைக் கலப்பதும் கூடாது, சில வகைகள் சேர்ந்தால் கூழாகிவிடும்.

இனி கார் பார்க்கப் போவோம். விற்பவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்: “அண்ணே, நான் வரும்வரை காரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.” காலையிலேயே போவது நல்லது. போனதும் பேச்சுக்கு முன் எஞ்சின் மூடியின்மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், “டீ குடித்துவிட்டு வருகிறேன்” என்று போய் இரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள். சூடான எஞ்சின் தன் நோயை மறைக்கும்.

குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாம். குளிர்ந்ததில் மட்டும்தான், இதை மறக்க வேண்டாம். தண்ணீர் வாய்வரை இருக்கிறதா? தெளிந்த நிறம் இருக்கிறதா? காப்பித் தண்ணீர்போல் பழுப்பாக இருந்தால் துரு. வெறும் பச்சைத் தண்ணீராக, கண்ணாடிபோல் இருந்தால் நேற்றுத்தான் மாற்றியிருக்கிறார்கள். ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் வீட்டுக்குத் திரும்புங்கள். விரலை மூடியின் உட்புறத்தில் தடவிப் பாருங்கள், மணல்போலவோ பசைபோலவோ ஒட்டினால் ஒழுகலை அடைக்கும் மருந்தை ஊற்றியிருக்கக்கூடும். அந்த மருந்து ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை, நல்ல வழிகளையும் சேர்த்தே அடைக்கும்.

அடுத்து ரப்பர் குழாய்களை அமுக்குங்கள். கல்போல் இறுகியிருந்தாலும், ஊறிய அப்பம்போல் பொதபொதவென்றிருந்தாலும் ஆயுள் முடிந்தது. குழாய் சேரும் இடங்களில் வெள்ளை அல்லது பச்சை உப்புப் பூத்திருந்தால் அங்கே ஒழுகிக் காய்ந்திருக்கிறது. இப்போதைய ரேடியேட்டர்களின் இரு முனைப் பெட்டிகளும் பிளாஸ்டிக். கறுப்பு வெளுத்துப் பழுப்பேறியிருந்தால் ஒரு நாள் பாலத்தின்மேல் வெடிக்கும். வாட்டர் பம்பின் கீழே ஒரு சிறு துளை இருக்கும், அதிலிருந்து கோடு இறங்கியிருந்தால் பம்பின் அடைப்பு போய்விட்டது. காரின் அடியில் தரையையும் பாருங்கள். ஏர்கான் ஓடினால் சொட்டும் தண்ணீர் நிறமில்லாமல் சுத்தமாக இருக்கும், அது நோயல்ல. கூலண்ட் நிறத்தோடும் வழவழப்போடும் இருக்கும். நக்கிப் பார்த்து இனிக்கிறதா என்று சோதிக்கும் பழக்கம் ஒன்று உண்டு. வேண்டவே வேண்டாம், அது விஷம்.

பிறகு கருப்பெண்ணெய். கடையில் ‘மிஞாக் ஹீத்தாம்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த எஞ்சின் எண்ணெயின் அளவுக்கோலை உருவிப் பாருங்கள். பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எண்ணெய் மூடியின் உட்புறத்தில் மட்டும் மெல்லிய வெண்படலம் இருந்தால் உடனே பயப்பட வேண்டியதில்லை, கிட்டத்துக் கடைக்கே ஓடும் காரில் மழைக்காலத்து ஈரம் அப்படிப் படிவதுண்டு.

சில கார்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டர்போ வைத்த எக்சோரா, ப்ரெவே, சுப்ரிமா எஸ் கார்களில் எஞ்சின் எண்ணெயைக் குளிர்விக்கும் பகுதியின் ரப்பர் குழாய் தொல்லை கொடுத்தது. 2016-ல் புரோட்டோன் நிறுவனமே அக்கார்களைத் திரும்ப அழைத்து அந்தக் குழாயை மாற்றித் தந்தது. அப்படிப்பட்ட காரைப் பார்க்கும்போது மாற்றியாயிற்றா என்று கேட்பது நம் உரிமை.

உரிமை மாற்றத்துக்காகச் செய்யும் வாகனப் பரிசோதனையில் தேறிவிட்டது என்று காகிதத்தைக் காட்டுவார்கள். எஞ்சின் எண், அடிச்சட்ட எண் சரியா, இது திருட்டுக் காரா, வெட்டி ஒட்டியதா என்பதே அதன் முக்கிய அக்கறை. எஞ்சின் எத்தனை முறை கொதித்தது என்பதை அந்தக் காகிதம் சொல்லாது.

இப்போது சாவியைப் போடுங்கள், ஆனால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து காட்ட வேண்டும். சூட்டு விளக்கோ முள்ளோ அசையவே இல்லையென்றால் கம்பியைப் பிடுங்கிவிட்டிருக்கலாம். பிற்காலத்து மைவி போன்ற கார்களில் முள்ளே கிடையாது, குளிர்ந்திருக்கும்போது நீல விளக்கும் அளவு மீறிச் சூடேறினால் சிவப்பு விளக்கும்தான். அதில் முன்னெச்சரிக்கை குறைவு, சிவப்பு எரிந்தால் அப்போதே நிறுத்த வேண்டும்.

ஸ்டார்ட் செய்த இரண்டொரு நிமிடத்தில், எஞ்சின் இன்னும் சூடேறாத நேரத்தில், மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். இவ்வளவு சீக்கிரம் அது காற்றடைத்த டயர்போல் விறைத்தால், சிலிண்டரின் எரிவாயு தண்ணீருக்குள் புகுகிறது என்று அர்த்தம். பிறகு ஏர்கானைப் போட்டு நின்ற இடத்திலேயே இருபது நிமிடம் ஓடவிடுங்கள். விற்பவர் பொறுமையிழப்பார், நீங்கள் இழக்காதீர்கள். விசிறி சுற்ற வேண்டும். முள் பாதிக்குக் கீழே வந்து நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.

நின்று பார்த்தது போதாது. பினாங்குத் தீவில் இருப்பவர்களுக்கு இயற்கையே ஒரு பரிசோதனைக் கூடத்தைக் கொடுத்திருக்கிறது. தெலுக் பஹாங்கிலிருந்து தித்தி கெராவாங் வழியாக பாலிக் பூலாவுக்குப் போகும் வளைவுச் சாலையிலோ, பாயா தெருபோங்கிலிருந்து ஏறும் துன் சார்டோன் சாலையிலோ ஏர்கானோடு நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஒருமுறை ஏறி இறங்குங்கள். ஏறி முடித்ததும் ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் ஓடவிட்டு முள்ளைப் பாருங்கள். நோயிருந்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

எப்போது சூடேறுகிறது என்பதே பாதி வைத்தியம். ஓடும்போது சரியாக இருந்து, நெரிசலில் நின்றால் மட்டும் ஏறுகிறதா? தைப்பூச நாளில் தண்ணீர்மலைப் பக்கத்துச் சாலைகளில் ஊர்ந்து போகும்போது எத்தனையோ கார்கள் ஆவி விடுவது இதனால்தான். ஓடும்போது காற்று தானாக வருகிறது, நிற்கும்போது விசிறி ஒன்றே கதி. எனவே விசிறி மோட்டார், அதன் பியூஸ், ரிலே, சூட்டு சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு எஞ்சினில் கை வைக்கவே தேவையில்லை.

இதற்கு நேர்மாறாக, நெரிசலில் சும்மா இருந்து, பாலத்திலோ நெடுஞ்சாலையிலோ வேகமாகப் போனால், மேடு ஏறினால் சூடேறுகிறதா? விசிறி பாவம், அதன்மேல் குற்றமில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கும், அல்லது வெளியே தகடுகளில் பூச்சியும் மண்ணும் அப்பியிருக்கும். செம்மண் சாலையில் ஓடும் காருக்கு இரண்டாவது காரணம் மிகவும் பொருந்தும். பம்பின் உள்சக்கரம் தேய்ந்திருப்பதும், கீழ்க் குழாய் மெலிந்து வேகத்தில் உறிஞ்சி ஒட்டிக்கொள்வதும் உண்டு. நின்ற காரில் பார்த்தால் குழாய் நல்ல பிள்ளையாக இருக்கும். உதவியாள் ஒருவர் எஞ்சினை முறுக்கிப் பிடிக்கும்போது பார்த்தால்தான் சப்பிப் போவது தெரியும்.

புறப்பட்டுப் பத்து நிமிடத்துக்குள் எஞ்சின் சூடேறி, ரேடியேட்டர் மட்டும் ஆறிப் போயிருந்தால் தெர்மோஸ்டாட் மூடியபடியே மாட்டிக்கொண்டது. தண்ணீர் மாற்றிய மறுநாளே சூடேறினால் உள்ளே காற்று சிக்கியிருக்கும், மறுபடி சரியாக நிரப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

தெர்மோஸ்டாட் பேச்சு வந்ததால் ஒன்று. “இது குளிர் நாட்டுச் சாமான், நமக்கு வேண்டாம்” என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் பட்டறைகள் இங்கே நிறைய. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எஞ்சின் அதற்கென வகுத்த சூட்டில் ஓடினால்தான் எண்ணெய் சரியாக இளகும், தேய்மானம் குறையும், பெட்ரோல் மிச்சமாகும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே குறுக்கு வழி ஒன்றை மூடவும் செய்கிறது. அதைக் கழற்றினால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றி, முன்னைவிட அதிகமாகச் சூடேறும். பல கார்களுக்குப் புதியது சில பத்து வெள்ளிதான். கெட்டதை மாற்றுங்கள், இல்லாமல் ஓட்டாதீர்கள்.

வெளியே ஒரு சொட்டும் காணவில்லை, ஆனால் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது என்றால்தான் உண்மையான கவலை. எஞ்சினின் அடிப்பகுதிக்கும் தலைக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். ஒருமுறை நன்றாகக் கொதித்த எஞ்சினில் அலுமினியத் தலை இரும்பைவிட அதிகமாக விரிந்து வளைந்துவிடும். வளைந்த தலை கேஸ்கட்டை இறுகப் பிடிக்காது. சூடேறிய பின்னும் புகைக்குழாயில் இனிப்பு வாடையோடு வெண்புகை நிற்காமல் வருவது, சேமிப்புப் புட்டியில் குமிழிகள் எழுவது, காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு சிலிண்டர் திக்குவது எல்லாம் இதன் அடையாளங்கள். ஊகிக்க வேண்டியதில்லை. ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீல மருந்து இருக்கிறது, எரிவாயு பட்டால் மஞ்சளாக மாறும். அழுத்தக் கருவியை மாட்டி, அழுத்தம் இறங்குகிறதா என்றும் பார்க்கலாம். இவை இல்லாத பட்டறை “தலையைக் கழற்ற வேண்டும்” என்று சொன்னால், இன்னொரு பட்டறையில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கழற்றினால் தலையைச் சமப்படுத்தி, விரிசல் இருக்கிறதா என்று சோதித்த பிறகே பூட்ட வேண்டும். செலவு ஆயிரம் வெள்ளியைத் தாண்டினாலும் வியப்பில்லை. கேஸ்கட்டை மட்டும் மாற்றிக் குறைந்த விலைக்கு முடித்துத் தருகிறேன் என்பவரிடம் ஆறு மாதத்தில் திரும்பவும் போக வேண்டியிருக்கும்.

வழியில் முள் ஏறினால் என்ன செய்வது? பினாங்குப் பாலமும் புரோட்டோன் சாகாவும் ஒரே ஆண்டில், 1985-ல் வந்தவை. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. 2014-ல் திறந்த பத்து காவான் பக்கத்து இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். முள் வழக்கத்தைவிட மேலே போகத் தொடங்கியதுமே ஏர்கானை அணைத்து, வேகத்தைக் குறையுங்கள். சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ ‘இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே’ என்ற எண்ணம் வேண்டாம். அந்த இரண்டு கிலோமீட்டர்தான் தலையை வளைப்பது. எச்சரிக்கை விளக்கைப் போட்டு இடது ஓரத்தில் ஒதுக்கி எஞ்சினை நிறுத்துங்கள். மோட்டார் சைக்கிள்கள் அந்தப் பக்கமாகத்தான் வரும், கதவைத் திறக்குமுன் பின்னால் பாருங்கள். ரோந்து வண்டியை அழைத்துவிட்டுக் காத்திருங்கள். பிள்ளைகளைக் காரின் முன்னால் நிற்கவிடாதீர்கள்.

மூடியைத் திறக்கும் அவசரம்தான் மிகக் கொடியது. உள்ளே 120 பாகைத் தண்ணீர் அழுத்தத்தில் அடங்கியிருக்கிறது. மூடி அசைந்ததும் ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். குறைந்தது அரை மணி, முடிந்தால் அதற்கும் மேல் பொறுங்கள். மேல் குழாயைத் துணியால் பிடித்து அமுக்கினால் லேசாக அமுங்க வேண்டும். அதன்பிறகு தடித்த துணியைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதல் பூட்டுவரை மட்டும் திருகி அழுத்தத்தை விட்டுவிட்டு, பிறகு திறக்கலாம். வறண்டு காய்ந்த எஞ்சினில் சில்லென்ற தண்ணீரைக் கொட்டினால் அலுமினியம் விரிசல் விடும். ஆறிய பிறகு கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றுங்கள்.

வீட்டில் இருக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைகோல் சற்று இனிக்கும். அதனாலேயே பிள்ளைகளும் நாயும் ஆடும் அதைக் குடித்துவிடும். மிச்சக் கூலண்டைப் பழைய சர்பத் புட்டியிலோ தண்ணீர்ப் புட்டியிலோ ஊற்றிச் சமையலறை ஓரத்தில் வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சிறு பிள்ளைக்குச் சில மடக்கே ஆபத்து. முதலில் குடிபோதை கொண்டதுபோல் தள்ளாட்டமும் வாந்தியும் இருக்கும். பிறகு சற்றுத் தெளிந்ததுபோலத் தோன்றும், அந்த நேரத்தில் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும். தெளிந்துவிட்டதே என்று காத்திராமல், குடித்தது தெரிந்த உடனேயே புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். இதற்கு மாற்று மருந்து உண்டு, நேரத்தோடு போனால் காப்பாற்றலாம். நம் நாட்டின் தேசிய நஞ்சு மையம் பினாங்கில், யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. மருத்துவர்கள் அங்கே ஆலோசனை கேட்டுக்கொள்வார்கள்.

ரேடியேட்டரிலிருந்து இறக்கிய பழைய கூலண்டை லயத்துச் சாக்கடையிலோ மாட்டுத் தொழுவத்துப் பக்கமோ கொட்டாதீர்கள். மூடியுள்ள கலனில் பிடித்து, பெயர் எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருந்து, கழிவெண்ணெய் வாங்கிக்கொள்ளும் பட்டறையில் இதையும் எடுத்துக்கொள்கிறார்களா என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.